நடமாடும் வண்டியில் நாய்க்கும் பூனைக்கும் கருத்தடை: பதிவு முதல் தையல் பிரிக்கும் நாள் வரை

சென்னையின் தெற்குப் புறநகரில் இருக்கும் எங்கள் வீட்டில் செவலை என்ற நாட்டு நாயும் மினு என்ற பூனையும் வளர்கின்றன, இரண்டும் பெட்டைகள். குறைந்த கட்டணத்தில் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்யும் நடமாடும் வண்டி எங்கள் பகுதிக்கு மாதம் ஒருமுறை வருகிறது. ஒரே நாளில் முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு எனக்கு ஏழு மாதங்களும் நான்கு முகாம்களும் ஆயின. முதல் முகாமில், காலையில் இரண்டுக்கும் பால் வைத்துவிட்டதால் திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் முகாமுக்கு முன் செவலைக்கு இரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்திருப்பது தெரிந்தது. அதற்குள் மினு சினையாகிவிட்டாள். அவள் ஈன்ற மூன்று குட்டிகளில் ஒன்று பத்தாம் நாள் இறந்துபோனது. நான் ஒரு கிண்ணம் பாலை மறந்திருந்தால் அந்தக் குட்டி பிறந்து வருந்தியிருக்காது என்ற எண்ணம் இன்றும் என்னை விட்டுப் போகவில்லை.

வண்டியில் செய்யும் அறுவைச் சிகிச்சை தரத்தில் குறைந்தது அல்ல. ஆனால் வண்டி காலையில் வந்து மாலையில் போய்விடும். மருத்துவமனையில் ஊழியர்கள் செய்யும் முன்தயாரிப்பும் பின்கவனிப்பும் இங்கே நம் பொறுப்பு; கட்டணம் குறைவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அந்தப் பொறுப்பை எப்படி நிறைவேற்றுவது என்பதையே கீழே வரிசையாக எழுதியிருக்கிறேன்.

1. எந்த வண்டி என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

மூன்று வகை வண்டிகளை மக்கள் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். மாநகராட்சியின் நாய் பிடிக்கும் வண்டி தெரு நாய்களுக்கானது. 1962 என்ற எண்ணை அழைத்தால் வரும் கால்நடை மருத்துவ ஊர்தி முதன்மையாகக் கிராமங்களில் ஆடு மாடுகளுக்குச் சிகிச்சை அளிப்பதற்கானது. நாம் தேடுவது மூன்றாவது வகை: விலங்குநல அறக்கட்டளைகள் நடத்தும், உள்ளே அறுவை மேசையும் விளக்கும் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யும் அடுப்பும் ஆக்சிஜன் உருளையும் பொருத்திய வண்டி. சமுதாயக் கூடம், திருமண மண்டபம், அடுக்குமாடிக் குடியிருப்பின் வாகன நிறுத்துமிடம் போன்ற இடங்களில் இதை நிறுத்துவார்கள். எப்போது வருகிறது என்பதை உங்கள் பகுதிக் கால்நடை மருந்தகத்திலும், வெறிநாய்க்கடித் தடுப்பூசி முகாம்களிலும், குடியிருப்போர் நலச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவிலும் விசாரித்தால் தெரிந்துவிடும்.

இங்கே முதல் பொறி இருக்கிறது. "தெரு நாய்னு சொல்லிக் குடுத்துடுங்க, காசே ஆகாது" என்று யாராவது கட்டாயம் யோசனை சொல்வார்கள். அதைக் கேட்காதீர்கள். 2023-ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் வீட்டு நாயையும் தெரு நாயையும் தனித்தனியாக வகைப்படுத்துகின்றன. உள்ளாட்சி அமைப்பின் கடமை தெரு நாய்களைப் பற்றியது, வீட்டு நாயின் பொறுப்பு வளர்ப்பவருடையது. தெரு நாய்க் கணக்கில் போன நாய்க்கு அடையாளமாகக் காதின் நுனியை வெட்டிவிடுவார்கள். பல நாய்களுக்கு நடுவே சில நாள் கூண்டில் அடைபடும். திரும்பக் கொண்டுவந்து விடும் இடம் உங்கள் வாசலாக இருக்கும் என்பதற்கும் உறுதி இல்லை.

தொலைபேசியில் பதிவு செய்யும்போதே சிலவற்றைக் கேட்டுவிடுங்கள். அறுவை செய்பவர் மாநிலக் கால்நடை மருத்துவ கவுன்சிலில் பதிவு பெற்ற மருத்துவரா, ஒரு நாளில் எத்தனை பிராணிகளை எடுத்துக்கொள்கிறார்கள், பூனைகளை நாய்களிடமிருந்து தனியாக வைக்க இடம் உண்டா, இரவில் ஏதேனும் நேர்ந்தால் யாரை அழைப்பது என்ற நான்கு கேள்விகள் போதும். கடைசிக் கேள்விக்கு ஒரு கைப்பேசி எண்ணாவது பதிலாக வராவிட்டால் அந்த முகாமைத் தவிர்த்துவிடுங்கள்.

2. உங்கள் பிராணி வண்டிக்கு ஏற்றதா என்று பாருங்கள்

பூனை நான்கு, ஐந்து மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும். இரண்டு மாதத்துக்குச் சற்று மேல் சினை சுமந்து குட்டி போடும். பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த சினைக்கும் தயாராகிவிடும். ஆகவே பெட்டைப் பூனைக்கு ஐந்து மாதம் முடிவதற்குள் செய்துவிடுவது நல்லது. "ஒரு தடவையாவது குட்டி போடட்டும்" என்று பெரியவர்கள் சொல்வதற்கு மருத்துவ அடிப்படை எதுவும் இல்லை. பெட்டை நாய்க்கு முதல் பருவம் வருமுன் செய்தால் பிற்காலத்தில் மடியில் புற்றுக்கட்டி வரும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. கருப்பையில் சீழ் பிடித்து உயிருக்கே ஆபத்தாகும் நோயும் வராது. லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற பெரிய இனங்களுக்கு மட்டும் எலும்பு வளர்ச்சி முடியட்டும் என்று ஓராண்டுக்கு மேல் காத்திருக்கச் சொல்லும் மருத்துவர்கள் உண்டு. அவற்றுக்கு உங்கள் மருத்துவரின் சொல்படி நடங்கள்.

பெட்டை நாய் பருவத்தில் இருக்கும்போது முகாமுக்குக் கொண்டுபோகாதீர்கள். அப்போது கருப்பைக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் பருத்திருக்கும், இரத்தப்போக்கு அதிகமாகும். இரத்தக் கசிவு தொடங்கிய தேதியை நாட்காட்டியில் குறித்துவைத்து, பருவம் முடிந்த பின் இரண்டு மாதம் கழித்து வரும் முகாமுக்குப் பதிவு செய்யுங்கள். குட்டிக்குப் பால் கொடுக்கும் தாய்க்கும், குட்டிகள் பால் மறந்து மடி வற்றிய பிறகே செய்ய வேண்டும்.

சில பிராணிகளுக்கு வண்டி வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பக், ஷிட்சூ, பாரசீகப் பூனை போன்ற சப்பை மூக்கு இனங்களுக்கு மயக்கத்தில் மூச்சுத் தடைப்படும் ஆபத்து மிகுதி. ஏழு, எட்டு வயதைத் தாண்டியவை, இதய நோய் உள்ளவை, வலிப்பு வருபவை ஆகியவற்றையும் இரவு முழுவதும் கவனிக்க ஆள் இருக்கும் மருத்துவமனைக்கே கொண்டுசெல்லுங்கள். சென்னையில் வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. மற்ற மாவட்டத்தினருக்கு நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய ஊர்களின் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. சிப்பிப்பாறை, கன்னி போன்ற ஒல்லியான வேட்டை நாய் இனங்களின் உடலில் கொழுப்பு குறைவு என்பதால் சில மயக்க மருந்துகள் தெளிய நேரமாகும். அப்படிப்பட்ட நாயானால் மருத்துவரிடம் முதலிலேயே இனத்தைச் சொல்லிவிடுங்கள்.

3. ஆவணங்களை ஒரு கோப்பில் சேர்த்துவையுங்கள்

எல்லாவற்றிலும் முதன்மையானது தடுப்பூசிப் புத்தகம். வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்ட தேதி, ஊசி மருந்துப் புட்டியிலிருந்து எடுத்து ஒட்டிய சீட்டு, மருத்துவரின் கையொப்பம் ஆகிய மூன்றும் அதில் இருக்க வேண்டும். இலவச முகாமில் தடுப்பூசி போடும்போது பலர் புத்தகத்தைக் கொண்டுபோக மாட்டார்கள். பிறகு ஊசி போட்டதற்கு எந்தச் சான்றும் இருக்காது. நாங்கள் போன முகாமில் தடுப்பூசி போட்டு 15 நாளாவது ஆகியிருக்க வேண்டும் என்றார்கள். ஆகவே முகாமுக்கு முந்தைய வாரம் ஓடிப்போய் ஊசி போட்டுப் பயனில்லை.

அத்துடன் உங்கள் ஆதார் அட்டையின் நகலையும், பிராணியின் முழு உருவம் தெரியும் ஒரு படத்தையும், மாநகராட்சி உரிமம் இருந்தால் அதன் நகலையும் வையுங்கள். சென்னை மாநகராட்சியில் வளர்ப்புப் பிராணி உரிமத்தை இணையத்திலேயே விண்ணப்பித்துப் பெறலாம். ஆண்டுக் கட்டணம் 50 ரூபாய். தடுப்பூசிச் சான்றும் முகவரிச் சான்றும் கேட்பார்கள். 2025-இல் இருந்து மைக்ரோசிப் (தோலுக்கு அடியில் வைக்கும் அடையாளச் சில்லு) பொருத்துவதையும் உரிமத்தோடு சேர்த்திருக்கிறார்கள். உரிமம் எடுக்காதவர்களுக்கு 5,000 ரூபாய் அபராதம் என்றும் அறிவித்தார்கள். கருத்தடைக்காக எப்படியும் இந்தத் தாள்களையெல்லாம் தேடி எடுக்கத்தான் போகிறீர்கள். உரிமம் இல்லாதவர்கள் அதே வேகத்தில் அதையும் முடித்துவிடுங்கள்.

முகாமில் ஓர் ஒப்புதல் படிவம் தருவார்கள். அதில் கையொப்பமிடப் பதினெட்டு வயது நிரம்பிய, பிராணியை வளர்ப்பவரே வர வேண்டும். பக்கத்து வீட்டுப் பையனிடம் கயிற்றைக் கொடுத்து அனுப்பிய ஒருவரின் நாயைத் திருப்பி அனுப்பியதை நானே பார்த்தேன். படிவத்தை வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். எங்கள் படிவத்தில் இரண்டு வரிகள் முக்கியமானவை: வயிற்றைத் திறந்த பிறகு சினை என்று தெரிந்தால் தொடர்ந்து செய்யச் சம்மதமா என்பது ஒன்று, காது நுனியில் அடையாளம் வெட்டச் சம்மதமா என்பது மற்றொன்று. வீட்டோடு இருக்கும் பிராணிக்குக் காது அடையாளம் தேவையில்லை. அந்த வரியை அடித்துவிட்டு அருகில் கையொப்பமிடலாம். தெருவில் திரிந்துவிட்டு வீட்டில் உண்ணும் பூனையானால் அடையாளம் இருப்பதே நல்லது. இல்லாவிட்டால் வேறொருவர் பிடித்து மறுபடியும் வயிற்றைத் திறக்க நேரும்.

4. இரத்தப் பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள்

பெரும்பாலான முகாம்களில் இதைக் கட்டாயமாக்குவதில்லை, "செய்துவிட்டு வந்தால் நல்லது" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நாய் வளர்ப்பவர்களுக்கு நான் கட்டாயம் என்றே சொல்வேன். நம் ஊர் நாய்களுக்கு உண்ணி ஓயாத தொல்லை. உண்ணிக் காய்ச்சல் வெளியே தெரியாமல் உடலில் இருக்கும்போது இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்திருக்கும். அந்த நிலையில் வயிற்றைத் திறந்தால் கசிவை நிறுத்துவது கடினம்.

செவலை துள்ளி விளையாடிக்கொண்டுதான் இருந்தாள். சாப்பாட்டில் குறை இல்லை. ஆனால் அவளுடைய தட்டணு எண்ணிக்கை 62,000 என்று முடிவு வந்தது. நல்ல நிலையில் அது இரண்டு லட்சத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். மருத்துவர் முகாமை ஒத்திவைக்கச் சொல்லி, 28 நாள் டாக்சிசைக்ளின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மறுபரிசோதனையில் எண்ணிக்கை 2,40,000 ஆன பிறகே பதிவு செய்தோம். முகாமுக்குப் பத்து நாளுக்கு முன் இரத்தம் எடுத்தால், குறை இருந்தாலும் டோக்கனை வேறொருவருக்கு விட்டுக்கொடுக்க அவகாசம் இருக்கும்.

நாய்க்கு உண்ணி மருந்து தடவும்போது வீட்டில் பூனையும் இருந்தால் மிகுந்த எச்சரிக்கை தேவை. நாய்களுக்கான சில மருந்துகளில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்திருக்கும். அது பூனைக்குக் கொடிய நஞ்சு. உறையில் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

5. செலவை முன்கூட்டியே கணக்கிடுங்கள்

செவலைக்காக இரண்டு தனியார் மருத்துவமனைகளில் கேட்டபோது ஒன்றில் 8,000, மற்றொன்றில் 11,000 ரூபாய் சொன்னார்கள். வண்டியில் பெட்டை நாய்க்குக் கட்டணம் 1,500 ரூபாய்தான். ஆனால் அந்தத் தொகையோடு செலவு முடிந்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு முறை இரத்தப் பரிசோதனைக்கு 1,300, தையலை நக்காமல் இருக்கக் கழுத்தில் மாட்டும் கூம்புக்கு 250, வலி மருந்துக்கும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துக்கும் 380, போக வர வாடகை வண்டிக்கு 700, தையல் பிரிக்க 100 என எங்களுக்கு மொத்தம் 4,230 ரூபாய் ஆயிற்று. உண்ணிக் காய்ச்சலுக்கான மாத்திரைச் செலவையும், வீணாகத் திரும்பி வந்த பயணத்தின் வாடகையையும் இதில் சேர்க்கவில்லை. மினுவுக்குக் கட்டணம் 1,000. எல்லாம் சேர்த்து 1,620 ரூபாயில் முடிந்தது.

கட்டணத்தில் எவை அடங்கும் என்பதைப் பதிவின்போதே எழுத்தில் கேளுங்கள். சில இடங்களில் வலி மருந்து ஊசி மட்டும் அடங்கும். வீட்டுக்கான மாத்திரைகளை வெளியே வாங்கச் சொல்வார்கள். மாலை ஆறு மணிக்கு மயக்கம் தெளியாத நாயைத் தோளில் சாய்த்துக்கொண்டு மருந்துக் கடை தேடுவது பெருந்துன்பம்.

நாளைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் ஐப்பசி, கார்த்திகை மழையையும் சித்திரை வெயிலையும் தவிருங்கள். ஈரத் தரையில் தையல் காய்வதில்லை. கடும் வெயிலில் வெறும் வயிற்றோடு காத்திருக்கும் பிராணி தளர்ந்துவிடும். தை, மாசியில் பூனைகள் கத்தித் திரியத் தொடங்குமுன் மார்கழியிலேயே பூனைக்கு முடித்துவிடுவது உத்தமம்.

6. முந்தைய இரண்டு நாளும் இரவும்

அறுவைக்குப் பின் இரண்டு வாரம் குளிப்பாட்ட முடியாது; ஆகவே இரண்டு நாள் முன்னதாகவே நாயைக் குளிப்பாட்டி நன்றாக உலர்த்திவிடுங்கள். மயக்க மருந்தின் அளவு உடல் எடையைப் பொறுத்தது. வீட்டுத் தராசில் நீங்கள் தனியாக ஒருமுறை, பிராணியைத் தூக்கிக்கொண்டு ஒருமுறை ஏறி நின்று வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். முகாமின் எடையோடு அது ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம்.

வளர்ந்த நாய்க்கும் பூனைக்கும் முந்தைய இரவு ஒன்பது மணியோடு உணவை நிறுத்த வேண்டும். மயக்கத்தில் வாந்தி எடுத்தால் அது மூச்சுக்குழலுக்குள் போய் உயிரையே பறிக்கலாம். பால், பிஸ்கட், ரஸ்க், ஒரு வாய் தயிர்ச் சோறு எல்லாம் உணவுதான். தண்ணீரை மட்டும் காலையில் கிளம்பும்வரை வைக்கலாம். நான்கு மாதத்துக்கும் குறைந்த குட்டிகளுக்கு இந்த விதி பொருந்தாது. நெடுநேரம் பட்டினி போட்டால் அவற்றின் இரத்தச் சர்க்கரை இறங்கிவிடும், எத்தனை மணி நேரம் என்று மருத்துவரைக் கேட்டே நிறுத்துங்கள்.

விதியைத் தெரிந்துகொள்வது எளிது. வீட்டில் உள்ள அனைவரையும் கடைப்பிடிக்க வைப்பதே கடினம். எங்கள் வீட்டில் பால் வைத்தது நான். அடுத்த முறை என் மாமியார் பரிவோடு ஒரு பிஸ்கட்டை நீட்டியபோது கடைசி நொடியில் தடுத்தேன். குளிர்பதனப் பெட்டியின் கதவில் தாள் ஒட்டுங்கள். பூனையை மாலையிலேயே ஓர் அறையில் அடைத்துவிடுங்கள். வெளியே போனால் பல்லியோ எலியோ பிடித்துத் தின்றுவிட்டு வரும், காலையில் தேடினாலும் கிடைக்காது.

7. முகாம் நாளில்

டோக்கன் நேரத்துக்கு அரை மணி முன்னதாகப் போய்ச் சேருங்கள். ஆட்டோக்காரர்கள் நாயைக் கண்டதும் மறுத்துவிடுவார்கள். தெரிந்த ஓட்டுநரிடம் முந்தைய நாளே பேசிவையுங்கள். நாய் எவ்வளவு சாதுவானாலும் கழுத்துப்பட்டை, கயிறு, வாய்மூடி மூன்றும் தேவை. பூனையைக் கையில் ஏந்திக்கொண்டு வரவே கூடாது. எங்களுக்கு முன் நின்ற ஓர் அம்மாவின் தோளிலிருந்து பூனை ஒன்று நாய்க் குரல் கேட்டு எகிறிக் குதித்துச் சுவரேறிப் போய்விட்டது. அவர் மாலைவரை அந்தத் தெருவிலேயே பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பூனைக் கூடை இல்லாதவர்கள் மூடியுள்ள பிளாஸ்டிக் காய்கறிக் கூடையில் துண்டு விரித்து, மூடியைக் கயிற்றால் கட்டிக் கொண்டுவரலாம். மேலே ஒரு துணியைப் போர்த்தினால் பூனை அமைதியாக இருக்கும்.

மருத்துவர் முன் நிற்கும் அந்த இரண்டு நிமிடத்தில் உண்மையை மறைக்காதீர்கள். கடைசியாக எப்போது சாப்பிட்டது, எப்போது பருவம் வந்தது, வேறு மருந்து ஏதாவது கொடுக்கிறீர்களா, முன்பு ஊசிக்கு ஒவ்வாமை இருந்ததா என்பவற்றைத் தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். நான் பால் வைத்ததை ஒப்புக்கொண்டபோது, அங்கிருந்த உதவியாளர், "சொன்னீங்களே, அதுவே போதும்க்கா. சொல்லாம விட்டுருந்தா மேசையிலயே உசுரு போயிருக்கும்" என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் வருத்தமாக இருந்தாலும், அந்தச் சொல் எனக்கு ஆறுதலாக இருந்தது.

8. அங்கிருந்து கிளம்புமுன்

வண்டி புறப்பட அவசரப்பட்டாலும் நீங்கள் அவசரப்பட வேண்டாம். பிராணி தலையைத் தானாகத் தூக்குகிறதா, பெயரைச் சொன்னால் காதோ கண்ணோ அசைகிறதா என்று பாருங்கள். அதன்பின் தையலை மருத்துவர் முன்னிலையிலேயே ஒருமுறை பார்த்து, கைப்பேசியில் படம் எடுங்கள். மறுநாள் வீக்கம் கூடியிருக்கிறதா என்று ஒப்பிட அந்தப் படம் உதவும். தையல் வயிற்றின் நடுவில் இருக்கலாம், விலாப்பக்கத்திலும் இருக்கலாம். இரண்டும் முறையான வழிகளே. தையல் தானாகக் கரையுமா, பிரிக்க வேண்டுமா என்பதை எழுதி வாங்குங்கள். மருந்துச் சீட்டில் அடுத்த வேளை எப்போது என்று மணியோடு குறித்துக்கொள்ளுங்கள். ஊசியாக ஏற்கெனவே போட்டிருப்பார்கள், அன்றிரவே மாத்திரையும் கொடுத்தால் இரட்டிப்பாகிவிடும்.

9. முதல் இரவும் அடுத்த பத்து நாளும்

மயக்கத்தில் உடல் வெப்பம் இறங்கும். கட்டிலிலோ நாற்காலியிலோ படுக்கவைத்தால் தள்ளாடி விழும். தரையில் கனமான போர்வை விரித்து, கழுத்து நேராக இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். மாடிப்படி, தண்ணீர்த் தொட்டி இருக்கும் பக்கம் விடாதீர்கள். நாயையும் பூனையையும் அன்றிரவு ஒரே அறையில் வைக்க வேண்டாம். மயக்க நிலையில் இருப்பது தன் வீட்டுத் தோழனையே கடிக்கும், மருந்து வாடைக்கு மற்றது சீறும். தடுமாறாமல் எழுந்து நின்ற பிறகு கொஞ்சம் தண்ணீர், அது வாந்தியாகாவிட்டால் ஒரு கைப்பிடி உணவு, அவ்வளவே.

அன்றிரவு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து செவலையின் ஈறைப் பார்த்தேன். மேல் உதட்டை மெல்லத் தூக்கி, கோரைப் பல்லுக்கு மேலே விரலால் அழுத்தி எடுத்தால் அந்த இடம் வெளுத்து, இரண்டு நொடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். வெளுத்தபடியே நின்றாலோ, ஈறு முழுவதும் சுண்ணாம்பு போல் இருந்தாலோ உள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம். முகாமில் கற்றவற்றில் எனக்கு மிகவும் பயன்பட்டது இதுதான். நல்ல நாளிலேயே உங்கள் பிராணியின் ஈறு நிறத்தைப் பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள்.

கூம்பை இரவு பகல் பத்து நாளும் கழற்றாதீர்கள். பாவம் பார்த்துக் கழற்றிய பத்து நிமிடத்தில் நாய் தையலைக் கடித்துப் பிரித்துவிடும். சாப்பிடும்போது மட்டும் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் கழற்றலாம். பூனை கூம்போடு பின்பக்கமாகவே நடக்கும், சில மணி நேரம் உணவைத் தொடாது. பழைய பனியனை வெட்டி உடம்பில் மாட்டிவிட்டாலும் பயன் கிடைக்கும். பூனையின் மலத்தட்டில் மணலுக்குப் பதிலாகக் கிழித்த செய்தித்தாள் போடுங்கள். மணல் தையலில் ஒட்டும்.

காயத்தில் மஞ்சள், தேங்காயெண்ணெய், விபூதி எதுவும் வைக்கக் கூடாது. டெட்டால் பூனையின் உடம்பில் படவே கூடாது, நக்கினால் நஞ்சாகும். வலியாக இருக்குமே என்று வீட்டில் இருக்கும் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். பாரசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும். இப்யூபுரூஃபனும் டைக்ளோஃபெனாக்கும் நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். மருத்துவர் எழுதிக் கொடுத்ததை எழுதிய அளவில் கொடுங்கள், அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

மூன்றாம் நாளே பிராணி பழையபடி ஓட ஆசைப்படும். வெளித் தையல் ஆறியதுபோல் தெரிந்தாலும் உள்ளே வயிற்றுச் சதையின் தையல் இன்னும் பிடித்திருக்காது. சிறுநீர் கழிக்க மட்டும் கயிற்றில் பிடித்து வெளியே கொண்டுபோங்கள்.

10. உடனே மருத்துவரிடம் ஓட வேண்டிய நிலைகள்

தையலில் முதல் நாள் இளஞ்சிவப்பு நீர் ஒன்றிரண்டு துளி கசிவது இயல்பு. துணியை நனைக்கும் அளவுக்கு இரத்தம் வந்தாலும், வயிறு உப்பினாலும், ஈறு வெளுத்தாலும், தையல் விரிந்து உள்ளிருந்து ஏதாவது தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 24 மணி நேரம் ஆகியும் சிறுநீர் போகாதது, ஒரு நாள் முழுவதும் எதுவும் உண்ணாதது, திரும்பத் திரும்ப வாந்தி, காயத்தில் நாற்றம் ஆகியவற்றுக்கு அன்றைக்கே காட்டிவிட வேண்டும். முகாமுக்குப் போகுமுன்பே உங்கள் வீட்டுக்கு அருகில் இரவில் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை எது என்று விசாரித்து எண்ணைச் சுவரில் எழுதிவையுங்கள். நள்ளிரவில் தேடத் தொடங்கினால் நேரம் போய்விடும்.

11. தையலும் சான்றிதழும்

பிரிக்க வேண்டிய தையலாக இருந்தால் பத்திலிருந்து பதினான்கு நாளுக்குள் பிரிக்க வேண்டும். வண்டி அதற்குள் திரும்பி வராது என்பதால், பகுதிக் கால்நடை மருந்தகத்தில் மருந்துச் சீட்டைக் காட்டிப் பிரித்துக்கொள்ளலாம்.

ஆண் நாய், கடுவன் பூனை வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அறுவை முடிந்த அன்றே அவற்றின் கருவுறச் செய்யும் திறன் போய்விடுவதில்லை. குழாயில் தங்கிய விந்தணுக்கள் சில வாரம் இருக்கும். ஒரு மாதத்துக்கு மேல் பெட்டைகளிடமிருந்து விலக்கியே வையுங்கள்.

சான்றிதழை வண்டி நிற்கும்போதே வாசித்துப் பாருங்கள். பிராணியின் இனம், பாலினம், நிறம், அறுவை நடந்த தேதி, மருத்துவரின் பதிவு எண், முத்திரை எல்லாம் சரியாக இருக்க வேண்டும். மினுவின் சான்றிதழில் "ஆண்" என்று எழுதியிருந்ததை நான் வீட்டுக்கு வந்த பிறகே கவனித்தேன். திருத்தி வாங்க அடுத்த மாத முகாம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.